உன் பெயரில் ஒரு பூட்டிய அறை

என் அன்பு அக்கா,

நீ கணக்குப் படிப்பித்த, நான் இன்னும் புவியியல் படிப்பிக்கும் நம் வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்தில் உன் பெயரில் ஓர் அறை திறந்திருக்கிறார்கள். ‘மீத்திறன் மாணவியர் அறை’ என்று பலகை. கீழே உன் பெயர். ரிபன் வெட்டினார்கள், தின்னப் பற்றீஸ் தந்தார்கள். உன்னைப் பற்றிப் பேசும்போது அதிபர் கண்ணைத் துடைத்தார். மேல் வகுப்புக் கணக்கைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததற்காக உன்னிடம் விளக்கம் கேட்டவரும் இதே அதிபர்தான். சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை.

மறுநாளே அறையைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் பழுதாக்கிவிடுவார்களாம். கதிரைகளின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. அதிகாரிகள் வந்தால் திறந்து படம் எடுப்பார்கள். பிறகு பூட்டின் திறப்பு அதிபரின் கைப்பைக்குள் போய்விடும். கெட்டிக்காரப் பிள்ளைகளிடமிருந்து கதிரைகளைக் காப்பாற்றும் இந்தக் கூட்டத்தை என்னவென்று சொல்ல?

உன் ஜெனிற்றா இப்போது பத்தாம் தரம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருபவள், நீ ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தால் இடைவேளைச் சாப்பாட்டை மறந்துவிடுபவள், அவளேதான். மற்றவர்கள் பாதி செய்வதற்குள் முடித்துவிடுவாள். அதற்குப் பரிசு என்ன தெரியுமா? டீச்சர் வராத வகுப்புக்குக் காவல். “முடிச்சிட்டீர்தானே, போய் கிரேட் சிக்ஸைப் பாரும்,” என்று பகுதித் தலைவி அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். பெற்றோர் கூட்டத்தில் அதைத் தலைமைத்துவப் பயிற்சி என்று வேறு பீற்றிக்கொண்டார். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா இவர்களுக்கு?

நீ கண்மூடிய பிறகு ஜெனிற்றா கணக்கு விளங்கவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“விளங்குது, மிஸ். கெதியா முடிச்சா அனுப்பிடுவாங்க. அதால தெரியாத மாதிரி இருக்கிறன்.”

நடிப்பு பழகிப்போய் ஒருநாள் உண்மையிலேயே தெரியாமல் போய்விட்டால்? எனக்குப் பயம் பிடித்துவிட்டது, அக்கா.

போன வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். அழகாகப் பின்னல் போட்ட, ஆங்கிலத்தில் நன்றி சொல்லத் தெரிந்த பிள்ளைகளாகப் பார்த்து அறையில் இருத்தியிருந்தார்கள். நான் ஜெனிற்றாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

“இவ இதுக்குச் சரிவரமாட்டா, மிஸ். சப்பாத்தைப் பாருங்கோ,” என்று பகுதித் தலைவி காதுக்குள் சீறினார்.

“சப்பாத்தா கணக்குச் செய்யப் போகுது?” என்றேன். ஒரு கதிரையின் பொலித்தீனைக் கிழித்தேன், அவளை இருத்தினேன், உன் அலுமாரியில் கிடந்த கணக்கொன்றைக் கொடுத்தேன். அதிகாரிகள் முன்னால் கத்த முடியாமல் பகுதித் தலைவி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

படம் எடுத்து முடிந்தது. அதிகாரிகள் போனார்கள், மற்றப் பிள்ளைகளும் போனார்கள். இவள் தலை நிமிரவில்லை. அதிபர் திறப்போடு வாசலில் வந்து நின்றார்.

“பூட்ட வேணும், மிஸ்.”

“பிள்ளை முடிக்கட்டும்.”

அந்தக் கணக்கில் எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகம் விளங்கியது. நீ இருந்த காலத்து முகம்.

கடைசியில் நிமிர்ந்து, “முடிஞ்சுது, மிஸ்!” என்றாள். சொன்ன உடனேயே முகம் சுருங்கிவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“இனி எந்த வகுப்புக்குப் போகோணும்?”

அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இரும், பிள்ளை. இன்னொரு கணக்கு இருக்கு,” என்றேன்.

அக்கா, உனக்கு வாக்குத் தருகிறேன். அவள் முடித்துவிட்டேன் என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு இன்னொரு கணக்கு இருக்கும். உன் அலுமாரி தீர்ந்தால் வேறெங்காவது கேட்டு வாங்குவேன். அதற்கு அந்தக் கதவு திறக்காவிட்டால், உன் பெயர்ப் பலகையை என் கையாலேயே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

கணக்குத் தெரியாத,
உன் தங்கச்சி