தோட்டக் குழு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அண்ணனும் நீங்களும் சின்னவனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் யார் முதலில் கோபப்படுவது என்று நமக்குள் போட்டியாகிவிடுகிறது. 'இனிமே ரெண்டு பேரும் எழுதிப் பேசிக்குங்க' என்று அண்ணன் சொன்ன தீர்ப்பு சரிதான். எழுதும்போது கத்த முடியாது பாருங்கள்.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஜூனிலிருந்து உங்கள் ஊர் ஆஸ்பத்திரி லேப்தான் எனக்கு. வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறோம். என் வாயாடி மகளுக்கு ஏழு வயது ஆகிறது, இரண்டாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நீங்கள் வேலை பார்க்கிற அரசுத் தொடக்கப் பள்ளி நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அது நல்ல பள்ளிக்கூடமா, இல்லையா? இதுதான் கேள்வி.

நெட்டில் தேடினேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒருவர், 'கழிப்பறைக் கதவு மூடாது' என்கிறார். இன்னொருவர், 'ஆசிரியைகள் தங்கமானவர்கள்' என்கிறார். இரண்டாவது நீங்கள் எழுதியதில்லையே?

அன்புடன்,
பாப்பா

பிப்ரவரி 13

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளி விவரம் ஒன்று கேட்டார்கள். அதை அனுப்பினால், அதே விவரத்தை வேறு தாளில் வேறு வரிசையில் கேட்டார்கள். ஒரு வாரம் அப்படியே போயிற்று.

தங்கமானவர்கள் என்று எழுதியது எங்கள் தலைமை ஆசிரியர். கழிப்பறைக் கதவைப் பற்றி எழுதியதுதான் நான்.

நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் கேட்கிறாயே, என்ன சொல்ல? ஐந்து வகுப்புக்கு நாங்கள் மூன்று பேர். நான் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒரே அறையில் முதுகுக்கு முதுகு உட்கார வைத்து நடத்துகிறேன். இந்தப் பக்கம் கூட்டல், அந்தப் பக்கம் பெருக்கல். நடுவில் மின்விசிறி, சத்தம் மட்டும் வரும், காற்று வராது. இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், சிரிக்கிறார்கள். சிலர் நன்றாகவே படிக்கிறார்கள். இதை என்னவென்று சொல்வது?

மார்ச்சில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று ஏதாவது ஒன்று போடுவார்கள். அது வந்ததும் சொல்கிறேன், நீயே முடிவு செய்துகொள். உன் அண்ணனிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் 'ம்' என்றார். அதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

நான் லேபில் வேலை பார்க்கிறவள். ரத்தத்தைக் கொடுத்தால் ரிசல்ட் தருவேன். 'சர்க்கரை இருக்கா?' என்று கேட்கிறவரிடம், 'மின்விசிறியில் காற்று வரவில்லை' என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள், நான் கேட்டதைத் தவிர எல்லாம் இருக்கிறது.

சரி, வேறு மாதிரி கேட்கிறேன். அவ்வளவு பக்கத்தில் பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு, அதில் நீங்களே ஆசிரியையாக இருந்துகொண்டு, சின்னவனை ஏன் தினமும் வேனில் ஏற்றி ஊர்க்கோடித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சும்மா நோண்டவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். வாயாடிக்கு இன்னும் வாசிக்க வரவில்லை. பேச்சில் ஊரையே வாங்குவாள். புத்தகத்தைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறாள். இங்கே அவள் டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, 'இது இவ்ளோதாங்க, விட்ருங்க' என்கிறார். ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி, அவள் காது கேட்க! நான் பேருந்தில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். அவள்தான் என்னைச் சமாதானம் செய்தாள்.

அதனால்தான் கேட்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளையை எந்தப் பள்ளியும் பார்த்துக்கொள்ளும். என் பிள்ளையை உங்கள் பள்ளி பார்த்துக்கொள்ளுமா?

பாப்பா

மார்ச் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

முதலில் சின்னவன் விஷயம். உன் அண்ணன் ஆபீசில் எல்லார் பிள்ளைகளும் அங்கேதான். 'நம்ம பையன் மட்டும் என்ன பாவம் பண்ணான்?' என்று உன் அண்ணன்தான் கேட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார், அதனால் பேச்சு முக்கியமானது என்று எனக்குப் புரிந்தது. நானும் பெரிதாக மறுக்கவில்லை. போதுமா? இதற்குமேல் அதைக் கிளறாதே.

வாயாடி விஷயம். இதை என்னிடம் நீ எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும், அவள் மக்கு இல்லை. என் வகுப்பிலும் அப்படிப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு வா. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே குழு வருவதற்காகச் சுவரெல்லாம் வெள்ளை அடித்து, ஈரம் காயாமல் பிள்ளைகள் சட்டையெல்லாம் வெள்ளை. தலைமை ஆசிரியர் தூக்கமில்லாமல் அலைகிறார். நானும்தான்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 19

அண்ணிக்கு,

நேற்று முன்தினம் உங்கள் ஊருக்கு வந்திருந்தோம். வீடு பார்க்க. உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் பள்ளியைத் துடைத்து வைத்துக் காட்டுவீர்கள், சொல்லாமல் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் குழு வந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? வாசலில் காவல்காரர், 'ஆபீசருங்க இருக்காங்க, அப்புறம் வாங்க' என்று சொல்லிவிட்டார். நானும் வாயாடியும் பக்கவாட்டு வேலி ஓரமாக நின்றோம்.

உள்ளே தோட்டத்தில் பிள்ளைகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு அழகு! ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் வந்து எங்களிடம் பேசினாள். எந்தச் செடிக்கு வெயில் ஆகாது, எந்தச் செடியைப் பூச்சி தின்னும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதுதான் பள்ளிக்கூடம், அண்ணி சும்மா அலுத்துக்கொள்கிறார் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

"இது என்ன பீரியட் கண்ணு?" என்று கேட்டேன்.

"பீரியட் இல்ல ஆன்ட்டி. நாங்க தோட்டக் குழு. உள்ள ஆபீசருங்க இருக்காங்கல்ல, படிக்கத் தெரிஞ்சவங்கல்லாம் உள்ள. நாங்க இங்க."

"யாரு அனுப்பினா?"

"எங்க டீச்சர்தான். ரொம்ப நல்ல டீச்சர். கை கழுவப் புது சோப்பு குடுத்துருக்காங்க."

பெருமையாகச் சொன்னாள், அண்ணி. அவளுக்கு அது தண்டனை என்றே தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன், பத்துப் பேர். நீங்கள் எழுதிய அதே பத்துப் பேர்.

வாயாடி என் கையை இழுத்து, "அம்மா, நானும் இந்தக் குழுவுல சேர்ந்துக்கறேன்மா" என்றாள்.

'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றீர்களே, இப்படித்தானா? இங்கே கடைசி பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். நீங்கள் அதைவிட ஒரு படி மேலே போய் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறீர்கள். அந்த டீச்சருக்காவது வாயில் கெட்ட பேச்சு. நீங்கள் சோப்பு கொடுத்து அனுப்புகிறீர்கள்.

வாயாடியின் அம்மா

மார்ச் 28

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை கிழிக்கப் போனேன்.

நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாய். இந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன். குழு வருகிறது, ஒரு வகுப்புக்குப் பத்து நிமிஷம் உட்காருகிறது, நாலு பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்கிறது. திணறினால் மதிப்பெண் போச்சு. இருமுறை மூன்றாம் தரம் வாங்கினால் பள்ளியை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். போன முறை எங்களுக்கு மூன்றாம் தரம். அந்தச் சாலையைத் தாண்டி எத்தனை பேர் தினமும் போவார்கள்? முதலில் நின்றுவிடுவது யார்? அந்த ரெட்டைச் சடைதான். அவள் அம்மா விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறவள், கொண்டுபோய் விட ஆளில்லை. அவளைக் காப்பாற்றத்தான் அவளை வெளியே அனுப்பினேன். கேட்க எப்படி இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டுக்கொள். குழுத் தலைவர் போகும்போது தோட்டத்தைப் பார்த்துவிட்டு, 'பிரமாதம்!' என்று தனியாக மதிப்பெண் போட்டார். எங்களுக்கு முதல் தரம். தலைமை ஆசிரியர் குழந்தை மாதிரி குதித்தார். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

நீ ரிசல்ட் கேட்டாயே, இதுதான் ரிசல்ட். முதல் தரம். பிடிக்கவில்லையென்றால் வேறு பள்ளி பார்த்துக்கொள்.

அண்ணி

ஜூன் 10

இரண்டாம் வகுப்பு ஆசிரியைக்கு,

இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறோம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். இனி இப்படி வாயாடியின் பையில் வைத்தே அனுப்புகிறேன்.

வேறு பள்ளி பார்த்தேன். ஒன்றுவிடாமல் பார்த்தேன். சின்னவன் பள்ளிக்கும் போனேன். வாயாடியைத் தனியாக ஓர் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். பிறகு அழகாகச் சிரித்துக்கொண்டே இடமில்லை என்றார்கள். அவர்களுக்கு அத்தனை பேர் நூற்றுக்கு நூறு வாங்குவது எப்படி என்று அப்போது புரிந்தது. அவர்கள் தோட்டம் வாசலுக்கு வெளியே, ஊர் பூராவும் இருக்கிறது.

அதனால் உங்களிடமே வந்திருக்கிறாள். நீங்கள் நல்லவர் என்பதற்காக இல்லை. உங்களைத் தவிர யாரும் கதவைத் திறக்கவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், கடன் வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஒன்றே ஒன்று. அடுத்த முறை குழு வரும்போது அவளைத் தோட்டத்துக்கு அனுப்பினால், நான் லேபுக்கு லீவு போட்டுவிட்டு வந்து அவளோடு சேர்ந்து தண்ணீர் ஊற்றுவேன். குழுத் தலைவர் கேட்டால் உண்மையைச் சொல்வேன்.

வாயாடியின் அம்மா

செப்டம்பர் 24

வாயாடியின் அம்மாவுக்கு,

மிரட்டல் கடிதம் கிடைத்தது, பத்திரமாக இருக்கிறது.

உன் மகள் வாசிப்பதே இல்லை, கதை விடுகிறாள். படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கம் முழுக்கக் கடகடவென்று சொல்கிறாள். புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. இரண்டு மாதம் நானே ஏமாந்தேன். இப்போது படத்தின்மேல் தாளை ஒட்டிவிட்டேன். என்னை முறைத்தாள். அந்த முறைப்பு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

அவளையும் மற்ற பத்துப் பேரையும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். அதனால்தான் தாமதம். வாசலில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டாதே, எனக்கும் மணி பார்க்கத் தெரியும். வீட்டில் நீ கத்தி வாசிக்க வைக்காதே. நீ கத்தினால் அவள் எழுத்தைப் பார்க்காமல் உன் முகத்தைப் பார்க்கிறாள்.

அக்டோபர் கடைசியில் குழு மறுபடி வருகிறது. முதல் தரம் தங்குகிறதா என்று பார்க்கவாம். தலைமை ஆசிரியர் இன்றைக்கே புது சோப்பு வாங்கி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, உனக்கு என்ன வாக்கு கொடுக்க?

வகுப்பு ஆசிரியை

நவம்பர் 6

வாயாடிக்கு,

இது உனக்கு. நீ படி. அம்மா கேட்கட்டும்.

விரல் வை. படம் இல்லை. எழுத்தைப் பார்.

போன வாரம் ஐந்து பேர் வந்தார்கள். நீ அம்மாவிடம் பாதி சொல்லி இருப்பாய். மீதி இது.

நீ உள்ளே இருந்தாய். எல்லாரும் உள்ளே. தோட்டம் காலி.

ஒருவர் உன்னைப் படி என்றார். நீ எழுந்தாய். "மரம்" என்றாய். "மரம் மேல்" என்றாய். பிறகு நின்றாய். அவர் மணி பார்த்தார். நான் சொல்லித் தரவில்லை. ஓர் ஈ பறந்தது. நீ "குருவி" என்றாய்.

நான் பேனா தேடினேன். மேசை அடியில் தேடினேன். பேனா விழவே இல்லை.

இன்று தாள் வந்தது. முதல் தரம் போனது. இனி நாம் இரண்டாம் தரம். பள்ளி மூடாது. பெரிய சார் கோபம். என்னோடு பேச மாட்டார். சோப்பு அவர் மேசையில்.

சின்னவன் இன்னும் வேனில் போகிறான். அம்மா ஏன் என்பாள்.

நாளை செடி எல்லாம் வாடி இருக்கும். தண்ணீர் ஊற்ற எல்லாரும் போவோம். நானும் வருவேன்.

இப்போது அம்மாவைப் பார். அம்மா அழுதால் நிறுத்து. மீதி நாளை படி.

அழாமல் இருந்தால் இதையும் படி: பாப்பா, கோபம் போதும். வீட்டுக்கு வா.

அத்தை