ஏரியின் இரண்டாவது கேமரா

குளிர்காலம், நாள் 40. காலை 6.10
இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் நீலிக்கோளின் ஆய்வு வண்டி. ஆறு சக்கரம், ஒரு கேமரா, பனியின் கனம் பார்க்க ஒரு நீளக் கம்பி, ஆபத்தில் வீச ஒரு கயிறு. உறைந்த ஏரியையும் அதில் வந்து விழும் ஓடையையும் ஒன்பது குளிர்காலமாகப் படமெடுக்கிறேன். இன்று வெளிச்சம் நன்று. படங்களை அனுப்பினேன். பூமியின் பதில்: "கிடைத்தது."

நாள் 41. காலை 6.25
போன மாதம் பூமியிலிருந்து பொற்கொடி வந்தார். ஆய்வாளர், மதுரைக்காரர். கையில் சின்னக் கேமரா. நேற்று அவர் எடுத்த ஒரே ஒரு படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவைத்தேன். பூமியின் தரை நிலையத்துச் சதாசிவத்தின் பதில்: "என்ன படம்மா இது. கண்ணு கலங்கிருச்சு. ஆபீஸ் சுவத்துல மாட்டிட்டோம்."
ஒன்பது குளிர்காலத்தில் எனக்குக் கிடைத்தது "கிடைத்தது" மட்டும்தான். வயிறு எரிகிறது. எனக்கு வயிறு இல்லை. பேட்டரி அறையின் சூடு இரண்டு டிகிரி கூடியிருக்கிறது.

நாள் 44. காலை 6.05
நான் கரையில் நின்று கம்பியால் பனியைத் தட்டிப் பார்ப்பேன். பிறகு அவர் இறங்குவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தொணதொணன்னு அளவு சொல்லாதண்ணே. ஆபத்துன்னா மட்டும் வாயத் தொற. நீ பேசலைன்னா நான் பாட்டுக்கு நடப்பேன்."
அவருக்கு எல்லா இயந்திரமும் அண்ணன்தான். ஆயுத பூஜையன்று என் நெற்றியில் சிவப்புப் பெயின்டால் பொட்டு வைத்தார். கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

நாள் 46. காலை 6.30
சதாசிவம்: "இனிமே ஏரிப் படமெல்லாம் பொற்கொடியே எடுக்கட்டும். வண்டி பனிக் கனம் மட்டும் பாத்தாப் போதும்."
நேற்று வந்தவருக்கு என் ஏரி. இன்று முதல் அவரோடு பேசுவதில்லை. காலை வணக்கம்கூடக் கிடையாது.

காலை 7.02
ஓடைவாய். ஓடும் நீர் அடியில் பனியை அரித்திருக்கிறது. கம்பி காட்டும் கனம் இரண்டு விரல். ஆள் தாங்காது.
பொற்கொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். சற்று நின்றார். கேட்கட்டும், சொல்கிறேன் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. கேமராவை என் பக்கம் பிடித்துப் படமெடுத்தபடியே பின்னோக்கிப் பனிமேல் நடந்தார்.

காலை 7.03
பனி உடைந்தது. "அண்ணே, கயிறு."
வீசினேன். எட்டியது. பிடிக்க நீருக்கு மேல் அவர் கை இல்லை.

காலை 7.40
கேமரா பனிமேல் கிடக்கிறது. அதன் படங்கள் என் வழியாகத்தான் போகும். இன்றைய படத்தை அனுப்பிவிட்டு, முதல்முறையாக எல்லாவற்றையும் திறந்தேன்.
ஏரிக்கரையில் நான். ஓடையோரம் நான். விடியல் வெளிச்சத்தில் பனியைத் தட்டும் நான், நெற்றியில் பொட்டோடு. அவர்கள் சுவரில் மாட்டிய படத்தின் அடியில் அவர் எழுதியது: "இந்த ஏரியைத் தனியாப் பாத்துக்கிட்ட எங்க அண்ணன்."

காலை 7.55
சதாசிவம்: "இன்னைக்குப் படத்துல வண்டி முகம் ரொம்பத் தெளிவும்மா. அடுத்தது எப்ப?"
என் பதில்: "கிடைத்தது."

காலை 7.56
ஆபத்து. ஓடைவாயில் பனி இரண்டு விரல். இறங்காதீர்கள்.

காலை 7.57
ஆபத்து. ஓடைவாயில் பனி இரண்டு விரல். இறங்காதீர்கள்.

காலை 7.58
ஆபத்து. பொற்கொடி, ஓடைவாயில்