பத்தாவது மிதி

நவம்பர் 9
தம்பி மகன் வளவனின் கொட்டகையில் தயாரான முதல் பிரேக் பேடுகளுக்கு இன்று பூஜை. கற்பூரம் காட்டி, ஒவ்வொன்றின் முகத்திலும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தான். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்க வேண்டிய முகம் அதுதான். ஆயுள் முழுக்கக் கல்லூரியில் உராய்வு விசைப் பாடம் நடத்தியவளின் குடும்பத்தில்! துடைக்கச் சொன்னேன்.
"சாமி காரியம் அத்தே."
சரி, சாமியே பிரேக் அடிக்கட்டும்.

நவம்பர் 12
துடைத்துவிட்டான். வேன்காரர் தங்கராஜின் வண்டியில் பொருத்திச் சிங்கவரம் சாலையில் சோதனை. ஒரே மிதி, வண்டி நின்றது. வளவன் கைதட்டினான். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் அவருடைய வேன்கள் அனைத்துக்கும் இனி இந்தப் பேடுதானாம்.
ஆறிக் கிடக்கும் பேடு முதல் மிதிக்கு நிற்பது மரியாதை. சூடேறியபின் பத்தாவது மிதிக்கும் நிற்பதுதான் குணம் என்றேன்.
"ஒரு தடவ நின்னா பத்தாதா? நீ பரீட்ச வச்சே பழகிட்ட அத்தே."

நவம்பர் 15
வளவனை விடாமல் ஓட்டி ஓட்டி நிறுத்த வைத்தேன். எட்டாவது முறை மிதித்தான்; வண்டி தன் விருப்பப்படி புளியமரம் வரை போய் நின்றது. பேடில் சூடேறித் தீய்ந்த பிசினின் நாற்றம்.
வளவனின் விளக்கம்: குங்குமம் சரியாகப் போகவில்லை.
தங்கராஜின் விளக்கம்: "இது இன்னா ஊட்டி மலையா மேடம்? தட்ட ரோடு."
ஆள்மேல் ஆள் ஏற்றி, நடைமேல் நடை பறக்கும் வண்டிக்கு எந்த ரோடு தட்டை?

நவம்பர் 18
எல்லா வேன்களிலும் மாட்டிவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 19
அமாவாசை. மாலை, வளவனின் மனைவி மணிமொழி மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பினாள். குழந்தை இடுப்பில். பேருந்துக்கு.
"ஏன், வேன்ல இடமில்லியா?"
"அவுருதான், புள்ளய தூக்கிக்கினு பஸ்லயே போன்னாரு."
ஆக, சோதனை முடிவை அவன் ஏற்றுக்கொண்டிருக்கிறான் — தன் வீட்டுக்கு மட்டும்.
வேன் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். வண்டி நிறைய ஜனம். தங்கராஜை உரக்கக் கேட்டேன்: "இதுக்கு பேடு செஞ்சவன் தன் பெண்டாட்டிய ஏன்யா பஸ்ல அனுப்பறான்?"
தங்கராஜ் வளவனைப் பார்த்தார். வளவன் தன் செருப்பைப் பார்த்தான். "எறங்குடி மங்கை!" என்று உள்ளே ஒரு குரல். பிறகு எல்லாரும்.
பழைய பேடுகளைத் தேடி மாட்டிய பிறகே வேன்கள் கிளம்பின.

நவம்பர் 20
வளவன் என் முகத்தைப் பார்க்காமல் கொட்டகைக்குப் போய்விட்டான். மணிமொழி தந்த காப்பியில் சர்க்கரை கூடுதல். கோபமா, நன்றியா?

நவம்பர் 27
வளவன் பேடின் கலவையை மாற்றுகிறானாம். என்னிடம் சொல்லக் கூடாதென்று மணிமொழியிடம் சொன்னானாம். அவள் உடனே சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 6
மழை விட்டு, சாலை காய்ந்திருந்தது. வளவன் புதுக் கலவைப் பேடை மாட்டி, தனியாக வேனை எடுத்துப் போனான். கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து வந்து சமையலறை வாசலில் நின்றான்.
"ஒம்பதாவதுல நழுவுது அத்தே."
உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன்.