ஒரு மணி நேரத் தூக்கம்

ஜூன் 2

அன்புள்ள மருமகளுக்கு,

இது நானே என் கையால் எழுதும் கடிதம். நம்ப மாட்டாய். வரிக்கு ஒரு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறேன், அவ்வளவு வேர்க்கிறது.

முதியோர் வகுப்பில் ஆறு மாதமாக உட்காருகிறேன். நாற்பது வருடம் ஆலையில் சங்கு ஊதி ஊரையே எழுப்பியவன், 'ஞ' எழுத முடியாமல் முழித்தேன். ஒரு சாயங்காலம் முப்பது தடவை எழுதியும் வரவில்லை. காலையில் எழுந்து கையை வைத்தேன், தானாக வந்து உட்கார்ந்துவிட்டது! டீச்சரிடம் ஓடினேன். "நீங்க தூங்கினாலும் மூளை சும்மா இருக்காது தாத்தா. பகல்ல படிச்சத எடுத்து அடுக்கி வைக்கும்" என்று சிரித்தார். நான் விடுவேனா? "அப்ப வகுப்புலயே தூங்கிடுறேன், சீக்கிரம் பாஸ் பண்ணிரலாம்" என்றேன்.

தூக்கத்தைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்திருக்கிறார். எட்டாம் பக்கம் வந்துவிட்டேன். தூங்கும்போது மூளையில் சேர்ந்த கழிவெல்லாம் கழுவிப் போகிறதாம்!

நீ நன்றாகத் தூங்குகிறாயா? குட்டிக்கு நாலு வயது ஆகியிருக்குமே. இரண்டு வருடமாக முகம் பார்க்கவில்லை. ஒரு தடவை கூட்டி வா அம்மா.

உன் மாமா

ஜூன் 10

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். "யாரு எழுதிக் கொடுத்தது?" என்றாள். "எங்க மாமாவேதான். ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் மாதிரி இருக்கே, தெரியலயா?" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

தூக்கம் இல்லை மாமா. போன வாரம் தையல் கூடத்தில் ஊசி விரலில் ஏறிவிட்டது. படுத்தால் அந்த நாள்தான் நினைவில் வருகிறது. இரவெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு வந்து படுத்த உங்கள் மகன் பக்கத்தில் குட்டியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேனே. அவள் அழுது அவரைத் தூங்கவிடவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். மாலையில் காலி வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், ஓட்டும்போதே கண் அயர்ந்து, திரும்பி வரவேயில்லை.

இப்போதும் குட்டி அழுதால் எனக்குக் கை நீள்கிறது. அடித்துவிட்டு நானும் அழுகிறேன். நான் ஒரு தாயா மாமா?

உங்கள் புத்தகத்தில் இதற்கு ஏதாவது போட்டிருக்கிறதா?

உங்கள் மருமகள்

ஜூன் 28

அம்மா,

போட்டிருக்கிறது. பதினாறாம் பக்கம். தூக்கம் போதாதவனின் மூளை, கண் திறந்திருக்கும்போதே சில நொடி அணைந்துபோகுமாம். அது அவனுக்கே தெரியாதாம். எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனால் எந்த வரியையும் தாண்டிப் போக முடிவதில்லை.

அன்று குட்டி அழவில்லை. அப்பன் நெஞ்சில் கையைப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவனை எழுப்பியது நான்.

கதவிடுக்கில் ஒரு காகிதம் கிடந்தது. சிவப்பு எழுத்து, முத்திரை மாதிரி ஏதோ. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களோ என்று பதறிவிட்டேன். அவன் படுத்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. சங்கு ஊதிய பழக்கம், தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினேன். "டேய், எந்திரி. இதப் படிச்சுச் சொல்லு."

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். "செருப்புக்கடைத் தள்ளுபடிப்பா" என்றான். கோபப்படவில்லை, சிரித்தான். பிறகு எவ்வளவு புரண்டும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. "ஆம்பளைக்குப் பகல்ல என்னடா படுக்கை" என்று வேறு சொன்னேன்.

நீ கேட்டபோது பயத்தில் பிள்ளை மேல் பழியைப் போட்டுவிட்டேன். இரண்டு வயதுப் பிள்ளையால் மறுத்துப் பேச முடியாதே.

நான் ஏன் படிக்கப் போனேன் தெரியுமா? இனி ஒரு காகிதத்துக்காக யாரையும் எழுப்பக் கூடாது என்றுதான். எழுப்ப இங்கே யாரும் இல்லை.

குட்டியை அடிக்காதே.

மாமா

ஜூலை 15

மாமாவுக்கு,

கடிதத்தைத் தையல் கூடத்தில் படித்தேன். பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்டேன். குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள், நீங்கள் எழுதிய மாதிரியே வாயைத் திறந்துகொண்டு. பக்கத்தில் படுத்தேன். கண் விழித்தபோது மறுநாள் விடிந்திருந்தது. எங்களை எழுப்ப அக்கா யாரையும் விடவில்லையாம்.

அவரை எழுப்பியது தெரியாமல் நடந்தது. அதை என்றாவது மறந்துவிடுவேன். இரண்டு வருடம் என் பிள்ளையை நான் அடித்ததை எப்படி மறப்பேன்?

உங்கள் எழுத்து இப்போது நேராக, அழகாக வருகிறது. அதைத்தான் பார்க்க முடியவில்லை. இனி எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

குட்டியின் அம்மா