பின்னால் டிரெய்லர் இருந்தால் எண்பதுதான்

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதச் செய்தது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள். எழுதித் தருவது கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரம்மா, எழுத்து அழகாக இருந்தால் பாராட்டு அவளுக்கு, திட்டு வந்தால் அது என்னுடையது. அடுத்த மாதம் வீடு மாற்றுகிறாய், ஜீப்புக்குப் பின்னால் வாடகை டிரெய்லர் கட்டி, பேத்தியைக் கூட வைத்துக்கொண்டு அறுநூறு கிலோமீட்டர் நீயே ஓட்டப் போகிறாய் என்று போனில் சொன்னாய். ஸ்போர்ட்ஸ் கார்ல நூத்தியிருபது போறவ நான், இதுல நூறுங்கிறது ஊர்ற மாதிரிதானேப்பா என்றாய். போனில் மறுத்தால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், காகிதம் என்றால் இன்னொரு தடவை படிப்பாய்.

இது நடந்தது பெரிய பாலம் திறந்த வருஷம். நம் தெருவுக்குத் தொலைபேசிக் கம்பி வந்ததும், உன் மாமன் பேங்க்கில் வேலை செய்யும் பெண்ணைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் அதே வருஷம்தான். எனக்கு அப்போது வேனில் டிரெய்லர் கட்டி வீட்டுச் சாமான் கொண்டுபோகும் வேலை. ஒரு நாள் சாமானில் ஒரு பியானோ வழியிலேயே இறங்க வேண்டியது, அதனால் அதைக் கடைசியாக, கதவோரம் ஏற்றினோம். என்னோடு சுமை தூக்கியவனைத் தூண் என்று கூப்பிடுவோம், அவன் வால் பக்கம் ரொம்பக் கனக்குதுண்ணே என்றான். இறக்கறப்ப உன் இடுப்புதான்டா தப்பிக்கும், பேசாம ஏறு என்றேன். இறக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் எங்களைத் தாண்டிப் போனது, நாம என்ன நத்தையாண்ணே என்று தூண் சீண்டினான், எனக்கும் ரோஷம் வந்து தொண்ணூற்றைந்துக்கு அழுத்தினேன். டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது. நான் பிரேக்கை மிதித்தேன். அதுதான் தப்பு. பின்னால் இருந்த கனம் தள்ளிச் சுழற்றியதில் வேன், சாலையோரம் வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டிருந்தவர் மேல் மோதியது. நீ சின்னவளாக இருந்தபோது உனக்கு மிட்டாய் கொண்டுவருவாரே கட்டைக்கால் மாமா, அவர்தான். மிஷினில் மாட்டிப் போச்சு என்று உன்னிடம் சொன்னோம். அந்தக் காலை எடுத்தது நான்தான். சிவப்புக் கார்க்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அவரைப் பக்கத்து சீட்டில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார், கால் மணி தாமதித்திருந்தால் உயிரும் போயிருக்கும் என்றார்களாம். ஆகவே வேகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மாதிரிக் கார் தாழ்வாகச் சாலையை ஒட்டி ஓடுவது, பிரேக் பிடித்தால் நிற்கும், பின்னாலிருந்து அதைத் தள்ள யாரும் இல்லை. ரோடு காய்ந்து, தூரம் தெரிந்து, போர்டும் அனுமதித்தால் நீ அதில் நூற்றிருபது போ, நான் வாய் திறக்கமாட்டேன். டிரெய்லர் கட்டினால் எண்பது, மழை என்றால் அதற்கும் கீழே, இறக்கம் வருவதற்கு முன்பே குறைத்துவிடு. ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி வை, முதலில் இறங்க வேண்டியதாக இருந்தாலும் கதவோரம் வைக்காதே. மீறி ஆடினால் பிரேக்கைத் தொடாதே, ஸ்டியரிங்கை வெட்டாதே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடி, தானே அடங்கும். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும், அவன் கையிலேயே ஹாரன் தேயட்டும்.

புது வீட்டில் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழுங்கள், பேத்திக்கு என் முத்தம். புறப்படும் முன் டயரில் காற்றுப் பார்க்க மறக்காதே, டிரெய்லர் டயரிலும்தான். தூண் போய்விட்டான், சிவப்புக் கார்க்காரர் போய்விட்டார், எல்லாம் தெரிந்த உன் அம்மாவும் போய்விட்டாள். நேற்று வந்தவரிடம் நீ வீடு மாற்றுவதைச் சொன்னேன், பாப்பா எத்தனையில ஓட்டப் போறா என்று மட்டும் கேட்டார். அதை நீயே அவருக்கு எழுது. அந்த நாளில் அந்தச் சாலையில் இருந்தவர்களில் என்னை விட்டால் உயிரோடிருப்பது நேற்று வந்த கட்டைக்கால் மாமா ஒருவர்தான்.

உன் அப்பா