வறுத்த தனியா

அன்புள்ள இளவரசிக்கு,

ஷார்ஜாவிலிருந்து தில்லைநாதன். நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? கயல்விழி கல்யாணத்துக்குச் சிதம்பரத்தில் மண்டபம் பேசியாயிற்றா?

உன் புருஷன் விவசாயம் பார்த்த லட்சணத்தைக் கேள். ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிப் போடலாம் என்று, நீ கொடுத்தனுப்பிய தனியாவைப் பெயிண்ட் டப்பாவில் விதைத்து இருபத்தைந்து நாள் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. அறையில் உடனிருக்கும் நெல்லிக்குப்பம் கதிரவன் மீதியிருந்த பொட்டலத்தை மோந்து பார்த்தான்.

"இன்னா மாமா, வண்டு விழாம இருக்க அக்கா வறுத்து குடுத்திருக்காங்க. நீங்க ரசப்பொடிக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்கீங்களே!"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் மறுநாள் காலையில் அதே டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

நாளை கதிரவன் லீவில் வருகிறான். இதை அவன் கையில் கொடுக்கிறேன். அவன் திரும்பும்போது வறுக்காத தனியா ஒரு பிடி கொடு. தலையணைமேல் விரிக்க உன் பழைய புடவை ஒன்றும் கொடு.

நேற்று போனில் கயல்விழி, "அப்பா, என்னிக்கி வர்ற?" என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் வாய்திறந்து சொல்லாதது ஒன்றுதான், இளவரசி: கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடையாதாம்.