மாசானத்தின் வயது

மாதம் 55, நாள் 2. நேரம் 07:10

சீரிஸ் குறுங்கோளின் உப்புக்களம், மருத்துவ அறைப் பதிவு. சொல்கிறவர் பலவேசம், வயது அறுபத்தொன்பது, அறைத் துப்புரவு. எழுதிக்கொள்வது அறையின் இயந்திரம். நான் சொல்வதை அது ஒழுங்கான எழுத்தில் போட்டுவிடும். வயர்லெஸ்ஸில் ஆட்கள் பேசுவதை மட்டும் பேசினபடியே விடச் சொல்லியிருக்கிறேன். யார் கையில் கிடைக்குமோ தெரியாது, கிடைத்தவர் முழுதும் கேட்கவும்.

மாத ரத்தம் எடுத்தாயிற்று. பத்தொன்பது பேர், பத்தொன்பது குப்பி. போன கப்பலில் டாக்டர் திரும்பிப் போனார், மாற்று ஆள் வரவில்லை. இருபத்துநான்கு மாதமாக ஊசி போடுவது நான்தான்.

இங்கே உப்புத் தூசி மூச்சோடு போய் ஈரலில் தங்குகிறது. ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகிறது. வயிற்றைத் திறந்து பார்க்க ஆளில்லை, ரத்தத்தை வைத்துத்தான் அளவு. இயந்திரம் மூன்று எண் சொல்லும். ஈரல் நொதி இரண்டு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு ஒன்று. அதற்குப் பிறகு மதிப்பெண் என்று ஒன்று சொல்லும். மூன்றுக்குக் கீழே இருந்தால் வேலை பார்க்கலாம். மூன்றிலிருந்து நான்குவரை கப்பலேற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும். நான்குக்கு மேல் போனால் கப்பலில் ஏற்ற முடியாது. இரண்டு வருஷப் பயணம் முழுதும் உறக்கப் பெட்டியில் கிடக்க வேண்டும், அந்த உறக்க மருந்தைக் கெட்ட ஈரல் கழிக்காது. ஆள் எழும்ப மாட்டான்.

மாசானம், என் தம்பி. களத்தில் இழுவைக் கயிறு பார்க்கிறான். எண்பத்தெட்டு, அறுபத்துநான்கு, நூற்று ஐம்பத்திரண்டு. மதிப்பெண் 2.9.

களத்துக்குத் திரும்பியதும் கூப்பிட்டான்.

"அண்ணே, எனக்கு என்ன மார்க்கு?"

"ரெண்டு புள்ளி ஒம்பது. மூணுக்குள்ளதாம்லே."

"அப்போ பாஸா?"

"பாஸ்."

"நம்ம குடும்பத்துல பாஸான மொத ஆளு நாந்தாம்ணே. ஊருக்கு ஒரு சேதி அனுப்பு."

மாதம் 58, நாள் 2. நேரம் 09:40

மாசானம்: தொண்ணூற்றிரண்டு, அறுபத்துநான்கு, நூற்று நாற்பத்தேழு. மதிப்பெண் 3.1.

கண்ணில் மஞ்சள் தட்டுகிறது. சோறு இறங்கவில்லை என்கிறான். மூன்று மாதத்தில் கப்பல் வருகிறது, மதிப்பெண்ணும் சரியாக அதற்குள் மூன்றைத் தாண்டியிருக்கிறது. நல்ல நேரத்தில் தாண்டினான் என்று சொல்லிக்கொண்டேன்.

மாதம் 60, நாள் 19. நேரம் 11:05

கப்பல் நெருங்கிவிட்டது. நாம் ஒன்று கேட்டால் இருபது வினாடியில் பதில் வருகிறது. கப்பலில் டாக்டர் ரெஜினா என்று ஒரு அம்மா இருக்கிறார்.

"பலவேசம் ஐயா, எங்ககிட்ட ஒரு உறக்கப் பெட்டிதான் காலியா இருக்கு. மூணைத் தாண்டினவங்க எத்தனை பேர்?"

"ரெண்டு பேரும்மா. மாசானம் மூணு புள்ளி நாலு. ஜெபமணி மூணு புள்ளி ரெண்டு."

"அப்ப அதிகமா இருக்கறவர் ஏறணும். மாசானத்தைத் தயார் பண்ணுங்க."

எனக்கு வாய் நிறைய சிரிப்பு வந்தது. அடுத்து, தம்பியோடு களத்தில் வேலை பார்க்கிற ஜெபமணியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த கப்பலுக்கு முப்பது மாதம்.

"சரி அண்ணாச்சி," என்றான் ஜெபமணி. "நான் அடுத்ததுல பாத்துக்கிடுதேன். எம் மவளுக்கு உப்புக்கட்டி ஒண்ணு செதுக்கி வச்சிருக்கேன். மாசானத்துட்ட குடுத்துவிடலாம்லா?"

மாதம் 61, நாள் 2. நேரம் 08:15

மாசானம்: தொண்ணூற்றாறு, அறுபத்துநான்கு, நூற்று நாற்பது. மதிப்பெண் 3.5.

போன மாதமும் இதே தொண்ணூற்றாறு, இதே அறுபத்துநான்கு, இதே நூற்று நாற்பது. அப்போது 3.4 என்றது. மூன்று எண்ணும் அசையாமல் நாலாவது மட்டும் எப்படி ஏறும்? இயந்திரத்தில் கோளாறாக இருந்தால் தம்பியின் பெட்டி பறிபோய்விடக் கூடாதே என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"கோளாறு இல்லைங்கய்யா. இந்த மாசம் அவருக்கு ஒரு வயசு கூடியிருக்கு பாருங்க. நாப்பது போய் நாப்பத்தொண்ணு."

"வயசு எதுக்கும்மா ரத்தத்துல?"

"ரத்தத்துல இல்ல, கணக்குல. முதல் நொதியை வயசால பெருக்கித்தான் போடுவோம். ஒரே ரத்தம் இருபது வயசுக்காரருக்கு இருந்தா ஒரு மதிப்பெண்ணு, அறுபது வயசுக்காரருக்கு வேற மதிப்பெண்ணு."

சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

அதே நாள். நேரம் 08:50

மாசானத்துக்கு வயது நாற்பத்தொன்று இல்லை. ஐம்பத்துமூன்று.

அவன் பிறந்தபோது எனக்குப் பதினாறு வயது. பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை. உப்பளத்து ஓலைக் கொட்டகையில் பெற்றாள் அம்மா. வெந்நீர் வைத்தது நான். அதில் எனக்குத் தவறாது.

இங்கே ஆள் எடுத்தபோது களவேலைக்கு வரம்பு முப்பத்தைந்து. எங்கள் ஊர்ப் பதிவேடெல்லாம் கடல் ஏறிய வருஷம் போய்விட்டன. மூத்தவர் ஒருவர் வந்து வயதைச் சொன்னால் போதும் என்றார்கள். அவனுக்கு அப்போது நாற்பத்தாறு. தலைக்கு மை அடித்துக் கூட்டிப்போய் முப்பத்துநான்கு என்றேன். அவன் வருகிறேன் என்று கேட்கவே இல்லை. தனியாக வர எனக்குத்தான் பயம்.

இயந்திரத்திடம் சொன்னேன், ஐம்பத்துமூன்று என்று போட்டுப் பார்.

"மாசானம். வயது ஐம்பத்துமூன்று. மதிப்பெண் 4.5."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னது.

அதே நாள். நேரம் 09:30

பன்னிரண்டு மாதத்துக்கு முந்தின எண்களை இயந்திரம் வைத்துக்கொள்வதில்லை. என்னிடம் எல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. முப்பதாம் மாதத்து மாசானம்: எழுபத்திரண்டு, நாற்பத்தொன்பது, நூற்று எழுபது. அன்றைக்கு அந்தப் பழைய டாக்டர் 2.3 என்று சொல்லி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அப்போது அவனுக்கு உண்மையில் ஐம்பது. அந்த வயதை இப்போது போடச் சொன்னேன்.

"மதிப்பெண் 3.0."

முப்பத்தொன்றாம் மாதம் கப்பல் வந்தது. அதில் இரண்டு உறக்கப் பெட்டிகள் காலியாகத் திரும்பின. ஏற்றுவதற்கு ஆள் இல்லை என்றார்கள். தூசி அடையாமல் இருக்கட்டும் என்று இரண்டையும் துடைத்தது நான். மூடியைச் சாத்தியதும் நான்தான். வலப்பக்கத்துப் பெட்டியின் கொண்டி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

மாதம் 61, நாள் 3. நேரம் 10:20

அவனைக் கூப்பிட்டேன். முந்திக்கொண்டு அவனே பேசினான்.

"அண்ணே, பையைக் கட்டிட்டேன். வேட்டியயும் எடுத்து வச்சிருக்கேன். இங்கன கட்டுனா பறக்குது, சனியன். ஊர்ல இறங்குன உடனே மொத சோலி வேட்டி கட்டுததுதான்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் கயிறு சுற்றுகிற சத்தம் நின்றது.

"அப்போ ஏறுனா எந்திரிக்க மாட்டேன்?"

"நாலரைக்கு எந்திரிச்சவுக யாருமில்லியாம்லே."

"ஏறலைன்னா?"

"நாலு மாசம். அஞ்சு மாசம்."

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்ணே. ஊருக்குத்தான் போறோம்னு நெனச்சிக்கிட்டே தூங்கிருப்பேன்."

அழுதேன் என்று எழுதிக்கொள்.

"ஏண்ணே அழுத? அழாத. டாக்டரம்மாட்ட உண்மையச் சொல்லிரு, அந்தப் பெட்டி ஜெபமணிக்குப் போவட்டும். எனக்கு ஒரே ஒரு ஆத்தாமைதான்."

"என்னலே?"

"வயசைக் கொறச்சிச் சொன்ன பாவத்துக்கு அஞ்சு வருசமா அவனை அண்ணாச்சி, அண்ணாச்சின்னு கூப்பிட்டுட்டு அலையுதேன். என்னைவிட பதினோரு வயசு சின்னப்பய. நான் செத்தாலும் பரவால்ல, அத மட்டும் அவன்ட்ட சொல்லிரு."

மாதம் 61, நாள் 5. நேரம் 14:00

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஏன்யா மொதல்லயே சொல்லல?" என்று ஒரு தடவை கேட்டார், அப்புறம் ஜெபமணியைத் தயார் பண்ணச் சொன்னார். அவனைக் கப்பலில் விட்டுவிட்டுப் படகு திரும்பியாயிற்று.

பெட்டியில் படுப்பதற்கு முன் ஜெபமணி கப்பலிலிருந்து பேசினான். மாசானம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மாசானம் இருக்கானா... இருக்காவளா?"

"இருக்கேன்வே. சொல்லும்."

"அண்ணாச்சி."

"ஆங். இன்னொருக்கச் சொல்லு."

"அண்ணாச்சி, நான் போயிட்டு வாரேன்."

"போயிட்டு வரவேண்டாம்டே. போ. போயி ஒம் மவளைப் பாரு."

மாசானம் சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினான்.

மாதம் 64, நாள் 2. நேரம் 07:30

மாசானம்: நூற்று முப்பது, நாற்பத்தொன்பது, தொண்ணூறு. மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டாம் என்று இயந்திரத்திடம் சொல்லிவிட்டேன்.

மருத்துவ அறையில் என் கட்டிலில் படுத்திருக்கிறான். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. நேரம் காலம் குழம்புகிறது. நேற்று என்னை அம்மா என்று கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்க அரைமணி நேரம் ஆகிறது, விரலை வைத்து அழுத்திக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த அரைமணி போதவில்லை.

கொஞ்சம் தெளிந்தபோது கேட்டான்.

"அண்ணே, இன்னிக்குப் பாஸா?"

பாஸ் என்றேன். நம்பவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினான்.

மாதம் 65, நாள் 2. நேரம் 07:10

மாத ரத்தம். பதினேழு பேருக்கு எடுத்தாயிற்று. பதினெட்டாவது மாசானம்.

கூப்பிட்டேன், எழும்பவில்லை. கை குளிர்ந்திருக்கிறது. அவன் விரலை நீட்டிப் பார்த்தேன், நீளவில்லை. முழங்கைப் பக்கம் நரம்பு தட்டுப்படவில்லை. கழுத்தில் எடுத்தேன். கொஞ்சம்தான் வந்தது. குப்பியைப் போட்டேன்.

"மாதிரி ஏற்புடையதல்ல. மீண்டும் எடுக்கவும்."

எடுத்தேன்.

"மாதிரி ஏற்புடையதல்ல. மீண்டும் எடுக்கவும்."

வயதைச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். ஐம்பத்துமூன்று. பங்குனி, வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கணக்கில் பிழை இல்லை. எண்ணைச் சொல். எந்த எண்ணாக இருந்தாலும் சொல். நாலு, அஞ்சு, பத்து, எதுவானாலும்

"மாதிரி ஏற்புடையதல்ல. மீண்டும் எடுக்கவும்."

எடுக்கிறேன்.